வியாழக்கிழமை போன்

எங்க சபையில வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு வேலை உண்டு. ஆப், குரூப், வீடியோ எதுவும் கிடையாது. ஒரு தாளில் 14 பெயர், 14 வீட்டு போன் நம்பர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இங்கே படிக்க வந்த ஒரு பையனோ பொண்ணோ. கூப்பிட்டு அஞ்சு நிமிஷம் பேசணும், அவ்வளவுதான். கேட்டால் ஒரு சங்கீதம் வாசிக்கணும். கேட்காட்டி என்ன சமைச்சீங்கன்னு கேட்டாலே போதும். அஞ்சு நிமிஷம் எப்பவும் நாப்பது நிமிஷம் ஆகும், அது வேற கதை :)

ஏன் வீட்டு போன்? இதே பெரியவங்களை 2020 லாக்டவுனில் ஜூம் ஆராதனைக்குக் கொண்டுவரப் பார்த்திருக்காங்க. (நான் அப்போ ஊரில். இது சொல்லக் கேட்டது.) ஜூமில் சாதா போனிலிருந்தும் நுழையலாம். பேசணும்னா மட்டும் ஸ்டார் 6 அழுத்தணும். முதல் ஞாயிறு யாரும் அழுத்தலை, ஒரே அமைதி. அடுத்த ஞாயிறு எல்லாரும் அழுத்திட்டாங்க. பாட்டு ஆளுக்கு ஒரு அடி பிந்தி வந்து, குக்கர் விசிலும் சேர்ந்து... ஐயர் ஜெபத்தை ரெண்டு தரம் ஆரம்பிச்சாராம். (திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை ஐயர்னுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்துக்காரங்க சிரிக்க வேண்டாம்.) அதுக்கு அப்புறம்தான் இந்தத் தாள் வந்தது.

அதே வருஷம் ஏப்ரல் 26 அன்று கேன்டர்பரி பேராயரா இருந்த ஜஸ்டின் வெல்பி ஒரு இலவச போன் நம்பரைத் தொடங்கி வைத்தார். இன்டர்நெட் இல்லாதவங்க கூப்பிட்டால் பாட்டு, ஜெபம், சின்னச் செய்தி கேட்கலாம். முதல் 48 மணி நேரத்தில் 6,000-க்கு மேல் அழைப்பு வந்தது. இத்தனை பேர் வீட்டில் வெறும் போன் மட்டும்தான் இருந்திருக்கு பாருங்க.

கோயிலுக்குள் போன் வந்த கதையில் எனக்குப் பிடிச்சது இன்னும் பழசு. லண்டன் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தில் சாட் வாரா என்ற குருவானவர், தற்கொலை எண்ணத்தில் இருப்பவங்க பேசறதுக்காக 1953 நவம்பர் 2-இல் ஒரு போனை வைத்தார். நம்பர் மான்ஷன் ஹவுஸ் 9000. சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. நேரிலும் ஆட்கள் வந்தாங்க. அவரைப் பார்க்கக் காத்திருக்கும்போது டீ போட்டுக் கொடுத்த தன்னார்வலர்களிடம் பேசிவிட்டு, நிறையப் பேர் அவரைப் பார்க்காமலே லேசான மனசோடு போயிட்டாங்களாம். மூணே மாசத்தில், 1954 பிப்ரவரியில், கேட்கிற வேலையை அவங்க கையிலேயே விட்டுவிட்டார். பிரசங்கம் தெரிஞ்சவரைவிட டீ போடத் தெரிஞ்சவங்க ஜெயிச்ச இடம்!

இனி சொல்ல வந்த விஷயம். என் பங்குக்கு ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி. 81 வயசு, தனியா இருக்காங்க. போன மாசம் ஒரு வியாழன் ராத்திரி ஒன்பதரைக்கு அடிச்சேன். அன்னைக்கு லேட் லேப். எடுக்கலை. பத்து மணிக்கும் எடுக்கலை. பக்கத்துத் தெருவில் இருக்கிற சபை அண்ணன் ஒருத்தரை ஓடச் சொன்னேன். கதவைத் திறந்த அன்ரிக்கு ஒண்ணும் இல்லை, நல்ல தூக்கம். போன்தான் செத்திருந்தது.

காரணம் இதுதான். பழைய செப்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும். வீட்டில் மின்சாரம் போனாலும் போன் பேசும். இப்போ அந்த லைன்களை எல்லாம் 2027 ஜனவரிக்குள் நிறுத்தப் போறாங்க. போன் ரவுட்டரில் மாட்டப்படும். ரவுட்டர் அணைஞ்சால் போனும் அணையும். அன்ரி வீட்டிலும் மாத்தியாச்சு. அவங்களோ, "தம்பி, நான் படுக்கப் போகேக்க எல்லாச் சுவிச்சையும் நிப்பாட்டிப் போட்டுத்தான் படுக்கிறனான்"ங்கறாங்க. நாப்பது வருஷப் பழக்கம், கரண்ட் பில் வேற. கழுத்தில், விழுந்தால் அழுத்தற பட்டன் ஒண்ணு தொங்குது. அதுவும் அதே லைனில்தான் வேலை செய்யும். அப்போ தினமும் ராத்திரி முழுக்க அந்தப் பட்டன் வெறும் தாயத்து.

எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரலை. மறுநாள் மத்த 13 வீட்டிலும் விசாரிச்சோம். இன்னும் ரெண்டு பேர் அதையே பண்றாங்க. ஒருத்தர் இஸ்திரிப் பெட்டி போடறதுக்கு ரவுட்டர் பிளக்கைக் கழட்டுறார்.

வீட்டு போனை மட்டுமே நம்பி இருக்கிறவங்களுக்கு, கரண்ட் போனாலும் குறைஞ்சது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு போட கம்பெனி இலவசமா ஏற்பாடு செஞ்சு தரணும்னு இங்கே விதி இருக்கு. ஆனா, நான் அப்படிப்பட்ட ஆள்னு அவங்களிடம் சொல்லணும். உங்க வீட்டுப் பெரியவங்க இங்கே தனியா இருந்தால் அவங்களுக்காக நீங்க கூப்பிட்டுச் சொல்லுங்க. பட்டன் இருக்கிற விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்க.

எங்க தாளில் இப்போ புதுசா ஒரு கட்டம் போட்டாச்சு: "ரவுட்டர் ஓடுதா?" அன்ரி வீட்டு பிளக்கில் "கழட்டாதீங்கோ"ன்னு எழுதி ஒட்டியிருக்கு. அவங்களே ஒட்டினது. பில் எவ்வளவு கூடும்னு மட்டும் வாரா வாரம் கேட்கிறாங்க.