நீர்க்கட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டால் போதுமா?

மெல்போர்ன்



நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் பற்றி உலகெங்கும் மருத்துவர்கள் இன்று புரட்டிப் பார்க்கும் சர்வதேச வழிகாட்டி நெறிமுறை நான் வாழும் இந்த ஊரில்தான் உருவானது. மோனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெலினா டீட் தலைமையில் 2018இல் அது வந்தது; 2023இல் திருத்திய பதிப்பும் வந்துவிட்டது. இலவசமாகவே படிக்கலாம். ஆக, இந்த நோய்க்கு என்ன செய்ய வேண்டும் என்பது ரகசியம் அல்ல. ஆனாலும் பெண்கள் அலைகிறார்கள். பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் 1385 பெண்களிடம் விசாரித்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று இதைச் சொல்கிறது. மூன்றில் ஒருவருக்கு நோய் இன்னதென்று தெரியவே 2 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஏறக்குறைய பாதிப் பேர் 3 மருத்துவர்களையாவது பார்த்த பிறகுதான் விடை பெற்றார்கள். அப்போது தரப்பட்ட விளக்கம் திருப்தி என்றவர்கள் ஆறில் ஒருவர்கூட இல்லை. வசதியான நாடுகளிலேயே இந்த நிலை என்றால், குறை மருந்திலோ டாக்டர் எண்ணிக்கையிலோ இல்லை. ஆயுள் முழுவதும் கவனிக்க வேண்டிய உடல்நிலையை மாதவிலக்கு, பிள்ளைப்பேறு என்ற இரண்டு கணக்குகளோடு முடித்துவிடுகிறோம் என்பதே குறை.

இந்தக் குறுகிய பார்வைக்கு வயது அதிகம். 1935இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெய்ன், லெவென்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் 7 பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மாதவிலக்கு வராதவர்கள், சினைப்பை பெருத்தவர்கள். சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததும் மாதவிலக்கு திரும்பியது, சிலர் கருவுற்றார்கள். நோய் மருத்துவத்துக்கு அறிமுகமானதே அப்படித்தான். நம் வீடுகளிலோ இந்த நோய்க்கென்று வாய்ப்பாடே உண்டு: கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஆன பிறகு, பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும், பிறந்த பிறகு கேட்க ஆளில்லை. ஆனால் உடலுக்குள் நடப்பது வேறு. பெரும்பாலானோருக்கு இன்சுலின் சொன்ன பேச்சை உடல் கேட்பதில்லை. ஈடுகட்ட இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முகத்தில் முடி, பரு, தலைமுடி உதிர்வு, தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாம் அதன் வெளிமுகம். நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்பு, மனச்சோர்வு ஆகியவை அதே கதையின் பின்பகுதி. பிள்ளை பிறந்ததும் இவற்றில் எதுவும் விடைபெற்றுப் போவதில்லை.

ஆகவே நல்ல சிகிச்சையை அளக்க முதல் அளவுகோல், நோய் உறுதிசெய்யப்பட்ட விதம். ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் என்பது 2003இல் ராட்டர்டாமில் வகுத்த விதி. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளே அல்ல. முதிராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். அவை மட்டும் இருந்தால் அது நோயும் அல்ல. முதல் இரண்டும் தெளிவாக இருந்தால் ஸ்கேனே வேண்டாம். பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு அதை வைத்து முடிவு செய்யவே கூடாது, முதல் இரண்டும் இருந்தாக வேண்டும் என்கிறது நெறிமுறை. தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் கோளாறுகள் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்த ஆண்ட்ரோஜன் அளவை நம்ப முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளையை ஒரே ஒரு ஸ்கேனை வைத்து ‘நீர்க்கட்டி’க்காரி ஆக்கும் வழக்கம் ஊரிலும் உண்டு, வெளிநாட்டிலும் உண்டு. இரண்டும் தவறு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வரையறையை அகட்டி அகட்டி, நலமாக இருப்பவர்களையும் நோயாளிகள் ஆக்குகிறார்களே? இந்தியாவின் பல மாநிலங்களில் 18 முதல் 40 வயதுவரையுள்ள 9824 பெண்களிடம் நடந்து, 2024இல் வெளியான ஆய்வு இந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1990ஆம் ஆண்டின் பழைய அமெரிக்க வரையறைப்படி 7.2 சதவீதம் பேருக்கு நோய். ராட்டர்டாம் விதிப்படி 19.6 சதவீதம். அதே பெண்கள், அதே உடல்கள். எனினும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உலக அளவில் இந்தச் சிக்கல் உள்ளவர்களில் 70 சதவீதம் பேர்வரை அது தெரியாமலே இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிலருக்கு இல்லாத நோயைச் சூட்டுவதும் பலருக்கு இருக்கும் நோயைத் தவறவிடுவதும் ஒரே அவசரத்தின் இரு விளைவுகள். பெயர் சொல்லாமல் விடுவது இதற்கு மருந்தல்ல. விதிப்படி நிதானமாகச் சோதித்துச் சொல்வதே மருந்து.

அடுத்த ஆட்சேபம், எடையைக் குறைத்தால் எல்லாம் தீரும், இத்தனை பேச்சு எதற்கு என்பது. எடை கூடினால் நோயின் வீச்சு கூடும் என்பது உண்மை. ஆனால் மெலிந்த பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. அதிலும் தெற்காசிய உடல்வாகுக்கு, வெள்ளையர்களைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு எட்டிப் பார்க்கிறது. ‘ஒல்லியாகத்தானே இருக்கிறாய்’ என்று சர்க்கரைப் பரிசோதனையைத் தவிர்ப்பது நம் பெண்களுக்கு இழைக்கும் அநீதி. எடை எதுவானாலும், நோய் தெரிந்தவுடன் ஒருமுறையும், பிறகு 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்வதே துல்லியமானது. இன்ன உணவு முறைதான் உயர்ந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை. அரிசிச் சோற்றை அடியோடு விலக்கச் சொல்லும் அட்டவணையைவிட, அளவு பார்த்து நெடுநாள் கடைப்பிடிக்கக்கூடிய நம்முடைய சாப்பாடும் வாரம் 150 நிமிடத்துக்குக் குறையாத உடற்பயிற்சியும் மேல். எடையைச் சொல்லிக் கூசவைத்து அனுப்பினால், அந்தப் பெண் மறுபடி அந்தப் படியேற மாட்டாள். மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்று நெறிமுறை வலியுறுத்தவும் செய்கிறது.

கருத்தடை மாத்திரை நோயை மூடி மறைக்கிறதே ஒழியத் தீர்ப்பதில்லை, நாட்டு மருந்தான கழற்சிக்காய்ப் பொடியே போதும் என்பவர்களும் உண்டு. மாத்திரை வேரறுப்பதில்லை என்பது சரிதான். ஆனால் மாதக்கணக்கில் உதிரம் வராவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவுதான் என்றாலும் மற்றவர்களைவிட அதிகம். உட்சுவரைக் காப்பது மாத்திரையின் வேலை. கழற்சிக்காய்க்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: மாதவிலக்கு வந்தது சரி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எப்படி இருக்கின்றன? எதைச் சாப்பிட்டாலும் இவற்றை அளந்தாக வேண்டும். சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்கவும் கூடாது. பிள்ளை வேண்டும் எனும்போது வழி இருக்கிறது. 2014இல் வெளியான, 750 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில் கருமுட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மருந்து பெற்றவர்களில் 27.5 சதவீதம் பேரும், பழைய குளோமிஃபீன் பெற்றவர்களில் 19.1 சதவீதம் பேரும் பிள்ளை பெற்றார்கள். எனவே பிசிஓஎஸ் என்றாலே மலடு என்று பெண் பார்க்க வந்தவர்கள் பின்வாங்குவது அறியாமை.

இதையெல்லாம் நோயாளியே தெரிந்துகொண்டு போக வேண்டுமானால் டாக்டர் எதற்கு என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பாரத்தை நோயாளியின் தலையில் ஏற்றும் எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடல்ல. ஆனால் இந்நோய் ஒரே மருத்துவரின் அறைக்குள் அடங்காதது. ஹார்மோன், தோல், மனம், சர்க்கரை, பிள்ளைப்பேறு என்று பல வாசல்கள். இவற்றை இணைக்கும் ஒரே ஆள் குடும்ப மருத்துவர்தான். ஆஸ்திரேலியாவில் மெடிகேர் எனும் அரசு மருத்துவக் காப்பீடு உள்ளவர்களுக்கு, ஜி.பி. எனப்படும் அந்தக் குடும்ப மருத்துவர் எழுதித் தரும் நாட்பட்ட நோய்த் திட்டத்தின் வழியே உணவு ஆலோசகர் போன்றவர்களை ஆண்டுக்கு 5 முறை, மனநலத் திட்டத்தின் வழியே உளவியலாளரை 10 முறை சலுகையில் பார்க்கலாம். ஆங்கிலம் தடுமாறும் அம்மாமாருக்கும் புதிதாய் வந்த மருமகள்களுக்கும் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை டாக்டரே அழைக்கலாம். கணவரையோ மாமியாரையோ மொழிபெயர்க்க வைத்தால், சொல்ல வேண்டியது சொல்லப்படாமல் போகும். மெடிகேர் இல்லாத மாணவிகள் தங்கள் காப்பீடு எதையெல்லாம் தாங்கும் என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

ஆகவே எந்த நாட்டில் இருந்தாலும், ராசியான டாக்டர் யார் என்று தேடுவதைவிட, அறையைவிட்டு வெளியே வரும்போது நான்கு விஷயங்கள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்த ஆதாரத்தில் இது பிசிஓஎஸ், வேறெதெல்லாம் இல்லை என்று உறுதியானது, தரும் மருந்து எதற்காக, அடுத்த சர்க்கரைப் பரிசோதனை எப்போது. நான்குக்கும் விடை சொல்பவர் சிறு கிளினிக்கில் இருந்தாலும் நல்ல மருத்துவர்தான். ‘எப்போது பிள்ளை பெறப் போகிறாய்’ என்று மட்டுமே கேட்பவர் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாலும், வேறு ஒருவரிடம் போவதில் தயக்கம் வேண்டாம்.