மகனுக்கு ஒரு படகு

பிள்ளை கடலிலே படகு விட ஆசைப்பட்டால், பெற்றோர் செய்யக்கூடியவை இரண்டே என்று நாம் எண்ணியிருந்தோம். ஒன்று, "வேண்டாம்" என்று தடுத்துவிடுவது. மற்றது, கடவுள் துணையென விட்டுவிட்டுக் கரையிலே நெஞ்சு பதைக்க நிற்பது. நம் வீட்டுப் பையன் ஒருமுறை கேட்டபோது நாம் முதலாவதையே செய்தோம். ஒன்றும் பேசாது திரும்பிச் சென்ற அவன் முகம் இன்னும் நினைவில் நிற்கின்றது. மூன்றாவது வழியொன்றும் உண்டென்பதை நோர்வே நாட்டுத் தந்தை ஒருவரின் வரலாறு பின்னரே நமக்கு உணர்த்திற்று.

அவர் பெயர் யான் ஹெர்மன் லிங்கே. படகுகளை வரைந்து அமைப்பது அவர் தொழில். 1960களின் நடுப்பகுதியில் அவர் வரைந்த 'சோலிங்' என்னும் பந்தயப் பாய்ப்படகு பின்னர் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. எட்டு மீற்றருக்கு மேல் நீளமும் ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட அது வளர்ந்தோருக்கே ஏற்றது. தம் இளம் மகனுக்கும் ஒரு படகு வேண்டுமென விரும்பிய லிங்கே, 1967இல் சிறியதொன்றை வரைந்தார். நீளம் 6.35 மீற்றர், எடை 645 கிலோ. அதற்கு இட்ட பெயர் 'இங்லிங்'. நோர்வே மொழியில் இளைஞன் என்பது அதன் பொருள்.

சிறிய பாய்ப்படகுகள் பலவற்றில் அடிப்பளு இல்லை. காற்று ஒருபுறம் சாய்க்கும்போது ஓட்டுபவர் மறுபுறம் உடலைச் சாய்த்துச் சமன் செய்ய வேண்டும். தவறினாற் படகு கவிழும். இங்லிங்கிலோ, படகின் அடியிலே பளு மிகுந்த ஏரா நீருக்குள் இறங்கி நிற்கின்றது. அதன் எடை மட்டும் ஏறத்தாழ 310 கிலோ. அதாவது மொத்த எடையிற் பாதிக்குச் சற்றே குறைவு. படகு சாயச் சாய, அப்பளு அதனை நிமிர்த்த முயல்கின்றது. அடி கனத்த பொம்மையைச் சரித்துவிட்டால் தானே நிமிர்வதைக் குழந்தைகளும் அறிவர் அன்றோ? படகு காற்றினாற் பக்கவாட்டில் அள்ளுண்டு போகாமற் காப்பதும் இந்த ஏராவே.

படகின் உடல், நம் மீனவர் இன்று ஓட்டும் பல படகுகளைப் போலவே, பைபர்கிளாஸ் எனப்படும் கண்ணாடிநாராலானது. அச்சினுள் நாரையும் பிசினையும் படியவைத்து இறுகவிடுவதால் உடல்கள் யாவும் ஒரே வடிவாய் வருகின்றன. அளவுகளை மாற்றப் பந்தய விதிகள் இடங்கொடா. ஆகவே பணத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குதல் எளிதன்று. படகிலுள்ள மூவரின் மதியும் கையுமே வெற்றியைத் தீர்மானிக்கின்றன.

மகனுக்கென வரைந்த படகு காலப்போக்கில் மகளிர்க்கும் உரியதாயிற்று. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும், 2008இல் பீஜிங் ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கான ஏராப் படகுப் போட்டி இங்லிங்கிலேயே நடைபெற்றது. இருமுறையும் பிரித்தானியப் பெண்கள் மூவர் தங்கப் பதக்கம் வென்றனர். சாரா அய்ற்றன், சாரா வெப் என்னும் இருவர் இரண்டு வெற்றிகளிலும் பங்குகொண்டனர். இரண்டாவது வெற்றியைக் காண லிங்கே இருக்கவில்லை. 2007இல் அவர் காலமானார்.

லிங்கே காற்றை நிறுத்தவில்லை, மகனைத் தடுக்கவுமில்லை. சாய்ந்தாலும் நிமிரக்கூடிய ஒன்றை அவன் காலடியில் அமைத்துக் கொடுத்தார். நம் பிள்ளைகள் கடலுக்கு மட்டுமா போகக் கேட்கின்றார்கள்? தூரத்துப் பட்டணத்துக்கும், அறியாத தொழிலுக்கும், அந்நிய நாட்டுக்கும் போகக் கேட்கின்றார்கள். "வேண்டாம்" என்று வாயெடுக்குமுன், அவர்கள் காலடியில் நாம் எதனை வைத்திருக்கின்றோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நன்று. அன்று நாம் அதனைக் கேட்டுக்கொள்ளவில்லை.