ஒரு மணி பீரங்கியும் ரெண்டாவது ஜன்னலும்

மதியம் சரியாக ஒரு மணி. பஸ் ஸ்டாப்பில் நின்று சாண்ட்விச்சைப் பிரிக்கிறீர்கள். 'டமார்!' சாண்ட்விச் ரோட்டில். பக்கத்தில் நிற்கும் பாட்டியோ அசரவே இல்லை. மணிக்கட்டைத் திருப்பி வாட்சைச் சரிபார்த்துக்கொள்கிறார். ஒன்றுமில்லை பாஸ்... கோட்டையில் பீரங்கி சுடுகிறார்கள்! கடலில் நிற்கும் கப்பல்கள் நேரம் பார்த்துக்கொள்வதற்காக 1861ல் ஆரம்பித்த பழக்கம். கப்பல்களுக்கு அது தேவைப்பட்ட காலம் எப்பவோ போயாச்சு. பீரங்கி மட்டும் போகவில்லை. ஞாயிறும் ஒன்றிரண்டு பண்டிகை நாளும்தான் அதற்கு லீவு.

ஸ்காட்லாந்தின் தலைநகரம் எடின்பரோவுக்கு உங்களை வரவேற்கிறேன். (அங்கே எல்லோரும் 'எடின்பரா' என்கிறார்கள். முதல் நாள் வகுப்பில் நான் 'எடின்பர்க்' என்று அழுத்தமாகச் சொல்ல, பின் பெஞ்சில் ஒரு சிரிப்பலை. நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்!)

எம்.எஸ்ஸி. படிக்க ஒரு வருஷம் அங்கே இருந்தேன். கோட்டையைப் பற்றியும் விஸ்கியைப் பற்றியும் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் உங்களைக் கூட்டிப் போகப் போவது ஒரு ஜன்னலுக்கு. சிரிக்காதீங்க. அந்த ஜன்னல் இல்லையென்றால் என் தீஸிஸ் இல்லை.

ஊரில் ரெண்டு பகுதி. கோட்டையிலிருந்து இறங்கும் பழைய ஊர், அதற்கு வடக்கே புதிய ஊர். 'நியூ டவுன்' என்றதும் நம்ம ஊர் புது பஸ் ஸ்டாண்டு மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளைஞர் அதற்கு பிளான் போட்டது 1767ல்! அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ரெண்டு ஊரும் சேர்ந்து 1995லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன.

அந்தப் புதிய ஊரின் வடக்குச் சரிவில், இருநூறு வருஷம் தாண்டிய கல் வீட்டின் முதல் மாடியில் எனக்கு ஒரு அறை கிடைத்தது. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. ரிட்டயர்டு டீச்சர். ஆளுயர ஜன்னல், பளிங்குக் கணப்பு, தூரத்தில் கடல். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பி பந்தா பண்ணினேன். பந்தா ராத்திரி பதினொரு மணி வரைக்கும்தான் தாங்கியது.

தெரு முழுக்கக் கருங்கல் கட்டிகள் பாவியிருப்பார்கள். பார்க்க அழகுதான், அதன்மேல் ஒரு பஸ் ஓடும்வரை. கடகடவென்று ஜன்னலே நடுங்கும். பஸ் ஓய்ந்தால் பப் மூடும் நேரம், பாட்டுக் கச்சேரி ஆரம்பம். அதுவும் ஓய்ந்தால் விடியற்காலை நாலு மணிக்கு சக்கரம் வைத்த சூட்கேஸ்! ஏர்போர்ட் போகிறவர் கல் தெருவில் அதை இழுத்துப் போகும் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டீர்கள். வீடுகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டதில் வந்த வினை இது. 2022 செப்டம்பரிலிருந்து ஒரு முழு வீட்டை அப்படி விடுவதற்கு ஊர் முழுக்கக் கட்டுப்பாடு வந்திருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை, டீ போட்டுக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "இதை வித்துட்டுப் பொண்ணு வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். நாற்பது வருஷமா இங்கேதான் இருக்கேன். ஆனா இப்ப தூங்க முடியலை." எனக்குப் பகீரென்றது. ஆகஸ்டில் தீஸிஸ் கொடுக்கணும். நடுவில் வீடு தேட எங்கே போவது?

"ஜன்னலை மாத்திடலாமே..?" என்று அப்பாவியாகக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பீரங்கியே தேவலை!

விஷயம் இதுதான். அங்கே பழமையான கட்டடங்களை ஏ, பி, சி என்று பிரித்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர் வீடு ஏ. அனுமதி இல்லாமல் ஜன்னலைத் தொடக்கூடாது. சட்டத்தை விடுங்கள், அந்த ஜன்னலை நீங்கள் பார்க்கணும். ரெண்டு மரச்சட்டம், ஒன்று மேலே, ஒன்று கீழே. தூக்கினால் தானாக நிற்கும். பக்கவாட்டுப் பெட்டிக்குள் கயிற்றில் எடைக்கட்டி தொங்குகிறது. இதற்குப் பெயர் சாஷ் ஜன்னல். கண்ணாடியில் லேசான அலை. உருகிய கண்ணாடியைக் குழல் முனையில் ஊதி, தட்டு மாதிரி சுழற்றிச் செய்த கண்ணாடி அது. ரொம்பவும் மெல்லிசு. அதற்கும் காரணம் உண்டு. 1845 வரை பிரிட்டனில் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டார்கள். கனமாகச் செய்தால் காசு! அன்றைக்கு மிச்சம் பிடித்த வரிக்கு இன்றைக்கு நான் தூக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வழி காட்டியது ஒரு தச்சர். "ஜன்னலை ஏன் மாத்தணும்? அதை அப்படியே விட்டுட்டு, உள்ளே இன்னொரு ஜன்னல் போடுங்க." இதுதான் செகண்டரி கிளேசிங். தெருவிலிருந்து பார்த்தால் வீட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. வேண்டாமென்றால் ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துவிடலாம், பழசுக்கு ஒரு கீறல்கூட விழாது. அதனால்தான் பாரம்பரியக் கட்டடக்காரர்களும் இதற்கு அவ்வளவாக முகம் சுளிப்பதில்லை.

இன்ஜினீயரிங் மக்களே, இந்த இடத்தில் கொஞ்சம் கவனியுங்க. கடையில் கிடைக்கும் டபுள் கிளேசிங்கில் ரெண்டு கண்ணாடிக்கும் நடுவே 12லிருந்து 16 மில்லிமீட்டர்தான் இடைவெளி. குளிருக்கு அது சூப்பர். சத்தத்துக்கு சுமார்தான். நடுவில் மாட்டிய காற்று விறைப்பான ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து, ஒரு கண்ணாடியின் அதிர்வை அடுத்ததற்குக் கடத்திவிடும். பஸ்ஸின் 'டுர்ர்ர்' மாதிரி தாழ்ந்த ஒலி அதில் சுலபமாகப் புகுந்துவிடுகிறது. இடைவெளியை 100 மில்லிமீட்டருக்கு மேல் கொண்டுபோனால் ஸ்பிரிங் தளர்கிறது. உள் கண்ணாடி வேறு கனத்தில் இருக்கணும். ரெண்டும் ஒரே கனம் என்றால் ஒரே சுருதியில் சேர்ந்து ஆடும். நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி இன்னும் உத்தமம், கார் முன்கண்ணாடி மாதிரி. எல்லாவற்றையும் விட முக்கியம், விளிம்பில் சந்து இருக்கக்கூடாது. காற்று நுழையும் இடத்தில் சத்தமும் நுழையும். தளர்ந்துபோன பழைய சாஷ் ஜன்னல் தெருச் சத்தத்தில் 20, 25 டெசிபல்தான் பிடிக்கும். ஒழுங்காகப் போட்ட ரெண்டாவது ஜன்னலும் சேர்ந்தால் 40ஐத் தாண்டும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும் என்பதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு சரிதான். வீடு ஒத்துழைக்கணுமே! அந்த ஜன்னலின் உள்பக்கம் மடக்கு மரக்கதவுகள் உண்டு. பகலில் பக்கவாட்டுச் சுவருக்குள் மடங்கி ஒளிந்துகொள்ளும். நல்ல இடைவெளி வேண்டுமென்றால் புதுக் கண்ணாடி அந்தக் கதவுகளுக்கு முன்னால், அறைப் பக்கம் வரணும். அப்புறம் கதவை மூடவே முடியாது. பின்னால் வைத்தால் இடைவெளி 60 மில்லிமீட்டர்தான்.

தச்சர் முன்பக்கம் என்றார். அம்மா முடியவே முடியாது என்றார். பெயின்ட் ஒட்டிக் கிடந்த அந்தக் கதவுகளைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டித் திறந்தது அவரும் கணவருமாம். கணவர் இப்போது இல்லை. அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

60 மில்லிமீட்டரே முடிவானது. என்னைக் கேட்டால் அவர் செய்ததுதான் சரி. ராத்திரியில் மரக்கதவும் மூடுவதால் இழந்ததில் கொஞ்சம் திரும்பி வந்தது. குளிருக்கும் லாபம். 2008ல் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் பழைய சாஷ் ஜன்னலைச் சோதித்துப் பார்த்தார்கள். செகண்டரி கிளேசிங் போட்டால் கண்ணாடி வழியே போகும் வெப்பம் 63 சதவீதம் குறைந்தது. வெறும் மரக்கதவை மூடினாலே 51 சதவீதம்! அந்தக் காலத்து ஆள் ஒன்றும் சும்மா கதவு வைக்கவில்லை.

மே மாதம் மூணு ஜன்னலுக்கும் வேலை முடிந்தது. முதல் ராத்திரி பஸ் வந்தது. பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. பொய் சொல்லக்கூடாது, அடியில் ஒரு உறுமல் மட்டும் இருந்தது. சூட்கேஸ் சுத்தமாகக் காலி. ஆஹா என்று கண்ணை மூடினால்... 'டொக், டொக், டொக்'. மேல் மாடிக்காரர் நடக்கிறார்! இத்தனை நாள் தெருச் சத்தம் அவரை மூடி வைத்திருந்தது. ரெண்டாவது ஜன்னல் போட நினைக்கிற எல்லோருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடணும். வெளியே அடங்கினால் உள்ளே இருப்பது கேட்கும். புகைபோக்கி வழியாகவும் சத்தம் வரும், அதையும் பார்க்கணும். இன்னொன்று, வெளி ஜன்னலின் சந்துகளை முழுசாக அடைக்கக்கூடாது. கொஞ்சம் மூச்சு விடணும். இல்லையென்றால் நடுவில் நீர் கோத்துப் பழைய மரம் ஊறிப்போகும்.

வாடகை அறையில் இருக்கும் ஸ்டூடண்ட் என்ன செய்வது? காந்தப் பட்டையில் ஒட்டும் அக்ரிலிக் தகடு கிடைக்கிறது. காலி பண்ணும்போது கழற்றி எடுத்துப் போகலாம். கண்ணாடியில் பாதி எடைதான் என்பதால் சத்தத்தை அந்த அளவு தடுக்காது. குளிர்காற்று கண்டிப்பாக நிற்கும்.

ஆகஸ்டில் அந்த ஊருக்குப் போனால் என் கஷ்டம் புரியும். 1947லிருந்து நடக்கும் ஃப்ரிஞ்ச் கலைவிழா மூணு வாரம். தெருவுக்குத் தெரு நாடகம், பேக்பைப். கோட்டை வாசலில் ராணுவ இசை அணிவகுப்பு, அது முடிந்தால் வாணவேடிக்கை. ஊரே கூத்தாடும்போது நான் நாலாவது அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்ப்பேன், மூடுவேன், எழுதுவேன்.

நீங்கள் போனால் சார்லட் சதுக்கத்தில் 7ம் நம்பர் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். ராபர்ட் ஆடம் 1791ல் வரைந்த வரிசை அது. அந்தக் காலத்து வீட்டை அப்படியே மியூசியமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்து 6ம் நம்பர், முதல் மந்திரியின் வீடு. அப்புறம் பொழுது சாயும்போது வடக்குச் சரிவில் இறங்கி நடங்கள். தெருவிளக்கு ஜன்னலில் எப்படித் தெரிகிறது என்று கவனியுங்கள். நெளிந்த விளக்கு ஒன்று, அதன் பின்னால் நேரான விளக்கு இன்னொன்று தெரிந்தால் அங்கே ரெண்டாவது ஜன்னல் இருக்கிறது. உள்ளே யாரோ தூங்குகிறார்கள் அல்லது தீஸிஸ் எழுதுகிறார்கள்.

வீட்டுக்காரம்மா வீட்டை விற்கவில்லை. ஆனால் தினமும் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு என் அறைக் கதவைத் தட்டுவார். உள் கண்ணாடியை மேலே தள்ளி, சாஷையும் தூக்கி, தலையை வெளியே நீட்டி நிற்பார். 'டமார்!' கணப்பு மேலிருக்கும் கடிகார முள்ளை ஒரு பொட்டு நகர்த்துவார். ரெண்டு ஜன்னலையும் மூடுவார்.

"ம்... இனி எழுது" என்பார்.