சுண்டெலி கொடுத்த மருந்து

சிறுநீரகம் மாற்றுவது வெறும் தையல் வேலை என்றால், அது 1954-லேயே முடிந்துபோன விஷயம். அந்த டிசம்பரில் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே அண்ணன் தம்பி இருவரில் ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்தார், அது வேலை செய்தது. காரணம், இருவரும் ஒரே கரு இரட்டையர். அப்படி இரட்டைப்பிறவி இல்லாதவர்கள் எங்கே போவது?

சிக்கல் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களில் இருக்கிறது. இவை வீட்டுக் காவல் நாய் மாதிரி. திருடன் வந்தாலும் பாயும், சம்பந்தி வந்தாலும் பாயும். வந்திருப்பது உயிர் காக்கும் சிறுநீரகம் என்று அதற்கு யார் சொல்வது?

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரு வேலை செய்தார்கள். ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) சுரக்கும் சுண்டெலியின் செல்லையும் சாகாமல் பெருகும் புற்றுநோய் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். ஒரே வகை ஆன்டிபாடி வேண்டிய மட்டும் கிடைத்தது. 1984-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

அந்த வழியில் வந்ததுதான் ஓகேடி3. டி செல்லின் மேலுள்ள சிடி3 என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 1986-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதருக்கு அனுமதிக்கப்பட்ட முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்து இதுவே. ஆனால் முதல் ஊசியிலேயே பலருக்குக் குளிர் காய்ச்சல், மூச்சுத்திணறல். நாயைக் கட்டும் முன் சீண்டிவிட்ட கதை! அதைவிட வேடிக்கை, மருந்து சுண்டெலிப் புரதம் என்பதால் உடல் அதையே அந்நியன் என்று கண்டுபிடித்து எதிர்த்தது. நிராகரிப்பைத் தடுக்க வந்த மருந்தையே நிராகரித்தது உடல். பிற்பாடு அதை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அடுத்து வந்தவர்கள் புத்திசாலிகள். 1998-ல் அனுமதி பெற்ற பாசிலிக்சிமாப்பில் இலக்கைப் பிடிக்கும் நுனி மட்டும்தான் சுண்டெலியுடையது, மீதி மனிதனுடையது. அது எல்லா டி செல்களையும் தொடுவதில்லை. தாக்கக் கிளம்பிய செல்களுக்கு மட்டும் 'பெருகு' என்ற உத்தரவு போய்ச் சேராமல் மறிக்கிறது. அறுவை சிகிச்சைக்குச் சற்று முன் ஒரு ஊசி, நான்காம் நாள் இன்னொன்று. அவ்வளவுதான்.

ஆனால் அதன் காவல் சில வாரங்களுக்கே. பிறகு டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள்தான், தினமும், அந்தச் சிறுநீரகம் உள்ளவரை. உடம்பு தேறி, 'இனி எதற்கு மாத்திரை' என்று தோன்றும் ஒரு நாள் வருமே, அந்த நாளுக்கு மட்டும் இன்னும் ஊசி வரவில்லை.