சாலைக்கு ஏற்ற டயர்

சைக்கிள் வாங்கச் செல்லும் குடும்பத்தார் நிறத்தைப் பார்க்கின்றனர், பெயரைப் பார்க்கின்றனர், கியர் எத்தனை என்று கேட்கின்றனர். குனிந்து டயரைப் பார்ப்பவர் அரியர். ஆயினும் தரையைத் தொட்டு ஓடுவது அதுவொன்றே. மிதிப்பவனின் உழைப்பு முழுவதும், உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தச் சிறு இடத்தின் வழியாகவே சாலையைச் சென்று சேருகிறது.

ஜவ்வாது மலைச் சிற்றூர்களிலும் இப்போது ‘மலைச் சைக்கிள்’ எனப்படும் வண்டிகளைக் காண்கிறோம். தடித்த சட்டம், முன்புறம் ஸ்பிரிங் வைத்த போர்க், இரண்டு அங்குல அகல டயர், அதன்மேல் வரிசை வரிசையாய்ப் புடைத்து நிற்கும் ரப்பர்ப் பட்டன்கள். “மலையில் இருக்கிறோம், மலைச் சைக்கிள்தானே வேண்டும்?” என்பது நம் இளைஞரின் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்தப் பெயரிலுள்ள மலை வேறு. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பைஸ் மலையின் மண்பாதைகளில் இளைஞர் சிலர் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை ஓட்டி இறங்கி விளையாடினர். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் அத்தகைய பாதைக்கென்றே தனியாக வண்டி செய்தார். அந்த வழியில் வந்ததே இன்றைய மலைச் சைக்கிள். சரளை, சேறு, வேர், பள்ளம் ஆகியவற்றுக்காகப் பிறந்தது அது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் பாதையோ தார்ச்சாலை. மலைமேல் இருப்பதால் மட்டும் தார்ச்சாலை மண்பாதை ஆகிவிடாது.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று இம்மலையில் வாழ்கிறது. தந்தை சாமை பயிரிடுபவர். மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் உழைத்து, பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த தம்பிக்கு மலைச் சைக்கிள் ஒன்று வாங்கித் தந்தான். பள்ளிக்கு 9 கிலோமீட்டர்; அதில் வீட்டையொட்டிய ஒரு கிலோமீட்டர் மட்டும் மண்பாதை. இரண்டே மாதத்தில் பையன் சோர்ந்து போனான். மாலையில் வந்ததும் படுத்துவிடுவான், புத்தகத்தைத் தொடுவதில்லை. படிப்பு வேண்டாம், அண்ணனோடு திருப்பூருக்கே போகிறேன் என்று சொல்லத் தொடங்கினான். தந்தை நம்மிடம் வந்தார். “சாமி, கடன் வாங்கியாவது ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுத்தால் படிப்பானா?” என்று கேட்டார். பையனுக்கு வயது 16. அத்தகைய வண்டிக்கு உரிமம் பெற 18 நிரம்ப வேண்டும் என்று எடுத்துரைத்தோம். பிறகு சைக்கிளைக் கொண்டுவரச் செய்து பார்த்தோம். பட்டன்கள் நடுவில் தேய்ந்திருந்தன. டயரில் காற்று பாதிதான் இருந்தது.

டயர் உருளும்போது தரையில் அமுங்கி, மீண்டும் நிமிர்கிறது. அமுங்கச் செலவான விசை முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி ரப்பருக்குள் வெப்பமாய் மறைந்து போகிறது. பட்டன் டயரிலோ ஒவ்வொரு பட்டனும் தனித்தனியே வளைந்து நெளிவதால் இழப்பு இன்னும் மிகுதி. மண்ணில் பட்டன்கள் புதைந்து பிடிப்புத் தரும். தாரில் புதைய இடமேது? வழவழப்பான டயர் மழையில் வழுக்கும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அகன்று தட்டையான டயரில் விரைந்து செல்லும் காருக்கு அந்த அச்சம் பொருந்தும். சைக்கிள் டயர் குறுகியது, உருண்டையானது. நீரை அதுவே ஒதுக்கிவிடும். ஈரமான தாரில் பிடிப்பைத் தருவது தரையில் படியும் ரப்பரே.

ஆகவே டயரை மாற்றுவது என்று முடிவாயிற்று. “பட்டன் இல்லாவிட்டால் அண்ணன் வாங்கித் தந்த வண்டி மாதிரியே இருக்காது சாமி” என்று பையன் வருந்தினான். பழைய டயர்களை வீட்டில் பத்திரமாக மாட்டி வைக்கலாம் என்று தேற்றினோம்.

திருப்பத்தூரில் ஒரு கடையில் 26 அங்குல டயர் கேட்டு வாங்கி வந்தனர். மாட்டினால் தொளதொளவென்று நின்றது. இங்கேதான் பலர் பணத்தை இழக்கின்றனர். 26 என்பது டயரின் வெளிவட்டத்தைக் குறிக்கும் ஏறத்தாழ ஒரு கணக்கே. ரிம்மில் டயர் அமரும் விளிம்பின் விட்டம், 26 அங்குல மலைச் சைக்கிளுக்கு 559 மில்லிமீட்டர். ‘26 X 1⅜’ என்று எழுதிய டயருக்கு 590. பெயரில் ஒன்று, பொருத்தத்தில் இரண்டு. பழைய டயரின் பக்கவாட்டில் 50-559 என்பது போல் அச்சிட்டிருக்கும்; முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். இரண்டாவது எண் மாறாமல் இருக்க வேண்டும். இதைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினோம். கடைக்காரரும் மறுக்காமல் மாற்றித் தந்தார்.

அகலத்திலும் நிதானம் வேண்டும். மிகவும் மெல்லிய டயர் அகன்ற ரிம்முக்குப் பொருந்தாது. பள்ளத்தில் டியூப் நசுங்கும். மழைநாளில் செம்மண் பாதை ஒரு கிலோமீட்டர் இருப்பதையும் மறக்கலாகாது. எனவே ஒன்றரை அங்குல அகலத்தில், நடுவில் வழவழப்பும் ஓரத்தில் சிறு வரிகளும் உள்ள டயரையே தேர்ந்தோம். அகன்ற டயரின் பழைய டியூப் உள்ளே மடிந்து கெடும். அளவுக்கேற்ற புது டியூப் நல்லது. பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் அமைக்க வேண்டும். குறுகிய டயருக்குக் காற்றழுத்தம் கூடுதலாக வேண்டும். ஆயினும் டயரில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டலாகாது.

மலைவாசிகளுக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். இலகுவாய் உருளும் டயர் இறக்கத்திலும் விரைந்தே உருளும். பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்க வேண்டும். டயரின் பக்கத்தை உரசினால் அறுத்துவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்தியே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். இடையிடையே நின்று வருவது மேல்.

டயர் மாற்றிய பிறகு ஏற்றம் ஏற்றமாகவே இருக்கிறது. வண்டியின் எடையும் குறையவில்லை. ஆனால் பையன் வீடு திரும்பும்போது படிக்கச் சிறிது தெம்பு மிஞ்சுகிறது. அரையாண்டுத் தேர்வை எழுதிவிட்டான். திருப்பூர்ப் பேச்சு இப்போது இல்லை. கடனும் இல்லை.

காற்றடைத்த டயரின் வரலாற்றிலேயே ஒரு தந்தை இருக்கிறார். பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கற்சாலையில் குலுங்காமல் ஓட வேண்டுமென்று அதைச் செய்து பார்த்து, 1888-இல் காப்புரிமை பெற்றார். மகன் எந்தச் சாலையில் செல்கிறான் என்று முதலில் கவனித்தார். பிள்ளைகளுக்கு வண்டி வாங்கும் பெற்றோரே, ஒருநாள் அவர்கள் செல்லும் வழியில் நீங்களும் நடந்து பாருங்கள். எந்த டயர் வேண்டும் என்பதை அந்த வழியே உங்களுக்குச் சொல்லிவிடும்.