கொடியில் போடும் கணக்கு

பீரோ கொள்ளாமல் துணி இருக்கும். காலையில் கிளம்பும்போது உடுத்த ஒன்றும் இருக்காது. இந்தப் புலம்பல் கேட்காத வீடு ஊரில் அநேகமாக இல்லை. இதற்கு மருந்தென்று இப்போது சின்னப் பெண்கள் சொல்வது ‘கேப்ஸ்யூல் வார்ட்ரோப்’. 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ என்ற பெண்மணி பரப்பிய யோசனை அது. நல்ல துணியில், சீக்கிரம் பழசாகாத தினுசில், ஒன்றோடொன்று சேர்கிற சில உடுப்புகள் போதும் என்பார் அவர். 1985இல் நியூயார்க்கில் டோனா கேரன் ஏழே உருப்படிகளை மாற்றி மாற்றிச் சேர்த்து, அதிலேயே ஒரு பெண் அலுவலகத்துக்கும் போகலாம், விருந்துக்கும் போகலாம் என்று காட்டினார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் வியர்வை இல்லையே! குளிர் ஊரில் கம்பளிக் கோட்டை வாரக்கணக்கில் துவைக்காமல் போட்டுக்கொள்ளலாம். சென்னையில் சித்திரை மாதத்தில் ஒரு பகல் உடுத்திய ரவிக்கையை மறுநாள் கிட்டே கொண்டுபோக முடியாது. அதனால் என் கணக்கு மொட்டை மாடிக் கொடியில் தொடங்குகிறது.

இன்று கட்டிய பருத்திப் புடவை என்றைக்குத் திரும்பக் கைக்கு வரும்? துவைத்து, கஞ்சி போட்டு உலர்த்த ஒரு நாள். இஸ்திரி வண்டிக்குப் போய்வர இரண்டு நாள். இஸ்திரிக்காரர் ஊருக்குப் போய்விட்டால் ஒரு வாரம். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கு எட்டுப் புடவை தாராளம். ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கொடி அறைக்குள் வந்துவிடும். ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் தொங்கியும் ஈர வாடை போகாது. கஞ்சியும் இஸ்திரியும் கேட்காத சிந்தெடிக் புடவை நாலைந்து அப்போது கட்டாயம் வேண்டும். பருத்தியைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறவர்களை ஒரு கார்த்திகை மாதத்தில் சந்திக்க எனக்கு ஆசை.

கொடிக்கு அடுத்தபடி அதிகாரம் ரவிக்கைக்கு. புடவைக்கு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டர், அவ்வளவுதான். இருபது வயதில் கட்டியதை அறுபதிலும் கட்டலாம், அம்மாவுடையதை மகள் கட்டலாம். ரவிக்கை அப்படியா? ஆறு மாதத்தில் கை பிடிக்கும், அல்லது தோள் வழியும். பீரோவில் முடங்கிக் கிடக்கும் புடவைகளை எடுத்துப் பாருங்கள். புடவையில் ஒரு குறையும் இருக்காது. ரவிக்கை பத்தாமல் போயிருக்கும், இல்லையென்றால் தைக்கவே கொடுத்திருக்க மாட்டோம். புடவைக்கு ஒரு ரவிக்கை என்ற வழக்கத்தைப் பட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பு, அரக்கு, சந்தன நிறம், ஒரு கலம்காரி: இந்த நாலும் உடம்புக்குச் சரியாக இருந்தால் தினசரிப் புடவைகளில் முக்கால்வாசிக்கு வழி பிறந்துவிடும். பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெட்டி எறிந்துவிடுவார். தீபாவளிக்கு முந்தின மாதம் எந்தத் தையல்காரரிடமும் எதையும் கொடுக்காமல் இருப்பது மன அமைதிக்கு நல்லது.

அடுக்குவதில் எனக்கு ஒரே விதிதான். அடிக்கடி உடுத்துவது கண்ணுக்கு நேரே. நம் பீரோக்களில் நடுத்தட்டில் பெரும்பாலும் பட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. வருஷத்தில் நாலு கல்யாணத்துக்கு வெளியே வருவதற்கு எதற்கு அந்த ராஜ மரியாதை? பழைய வேட்டித் துணியில் சுற்றி மேல்தட்டுக்கு அனுப்பிவிடலாம். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. அந்துருண்டை அதன்மேல் நேராகப் பட்டால் கறுக்கும், சென்ட்டும் ஆகாது. சில மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாடப் போட்டு மடிப்பை மாற்றாவிட்டால் மடித்த கோட்டிலேயே இற்றுப்போகும். கஞ்சிப் புடவையை மாதக்கணக்கில் உள்ளே வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து; நெடுநாள் வைப்பதானால் கஞ்சியை அலசிவிட்டு வைக்க வேண்டும்.

லண்டனும் நியூயார்க்கும் விட்டுவிட்ட இன்னொரு சங்கதி உண்டு. நம் பீரோவில் பாதி நாம் வாங்கியதே இல்லை. நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்துக் கொடுத்தது, சித்தி பெண் கல்யாணத்துக்கு வந்தது, கொலுவுக்குப் போன வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொடுத்த ரவிக்கைத் துண்டு. நிறம் பிடிக்கவில்லை என்று உடனே யாருக்காவது தள்ளிவிட முடியுமா? கொடுத்தவர் அடுத்த விசேஷத்தில் கண்ணாலேயே தேடுவார். எந்தப் புடவை யார் கொடுத்தது என்று துண்டுச் சீட்டில் எழுதி மடிப்பில் செருகி வைத்திருக்கிறேன். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒருமுறை கட்டிக்கொண்டு போய் நின்றால் கடன் தீர்ந்தது. பிறகு அது யாரிடம் போனாலும் கேள்வி இல்லை. ரவிக்கைத் துண்டுகளுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அடுத்த நவராத்திரியில் அவை தாமாகக் கிளம்பிவிடும். கொடுத்த வீட்டுக்கே திரும்பிப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இவ்வளவு யோசிக்கிறவர்களும் நைட்டியில் கோட்டை விடுகிறார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாதி வீட்டில்தான் கழிகிறது. அந்த நேரத்துக்கு மட்டும் சாயம் போனது, பட்டன் அறுந்தது எல்லாம் போதும் என்று யார் முடிவு செய்தார்கள்? கூரியர்காரர் மணி அடித்தால் மேலே போட்டுக்கொள்ளத் துண்டைத் தேட வேண்டாத நைட்டி நாலு இருந்தால் வாழ்க்கை எவ்வளவோ சௌகரியம். இதற்குச் செலவழிக்கத் தயங்குகிறவர்கள் ஒரு பட்டுப் புடவையின் விலையை அதை உடுத்திய தடவைகளால் வகுத்துப் பார்க்கலாம்.

இந்த ஆடித் தள்ளுபடிக்கு என் சீட்டில் இருப்பவை: கறுப்பிலும் சந்தன நிறத்திலும் உள்பாவாடை, அரக்கு ரவிக்கைத் துணி ஒரு மீட்டர், நைட்டி இரண்டு. புடவை மாடிக்கு ஏறப்போவதில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை.