கடைசி முடிச்சைப் போடாமல் வைத்திருந்தேன்

பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு பற்றித்தான் இந்தப் புத்தகத்தில் அதிகம் படித்திருக்கிறேன். நான் எழுதப்போவது ஒரு பச்சைப்பிள்ளைச் சட்டையைப் பற்றி. மழையில் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்கள் நம் எல்லோருக்கும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் கற்றுக்கொண்டதுதான் இது.

எங்களுக்குக் கொடைக்கானல் மேல்மலையில் ஒன்றரை ஏக்கர். போன வருடம் ஐப்பசியில், வளைகாப்பு முடிந்து மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மார்கழியில் நாள் சொல்லியிருந்தார்கள். மார்கழி, தையில் இங்கே புல்லின் மேல் உறைபனி படியும். பிள்ளைக்குக் கதகதப்பாக ஏதாவது பின்ன வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் குரோஷா ஊசி வாங்கி வந்தேன்.

ஊசியைப் பார்த்ததும் என் மாமியார் முகம் மாறிவிட்டது. "பிறக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைத் துணி வேணாம்மா" என்றார். காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் மகள் முதல்முறை உண்டானபோது தொட்டில், சட்டை, குல்லா எல்லாம் வாங்கி அடுக்கினோம். எட்டாம் மாதம் பிள்ளை தங்கவில்லை. அந்த மூட்டையை மகள் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தியவர் மாமியார்தான்.

"துணி இல்லைங்க அத்தை, வெறும் நூல்தான். சும்மா பழகுறேன்" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்தில் மன்னவனூரில் 1965-லிருந்து மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கம்பளி எங்களுக்குப் புதிதல்ல. அதனால் கம்பளி நூலில்தான் பின்ன நினைத்தேன். அக்கா நூலை என் கழுத்தில் தேய்த்துக் காட்டினார். அரித்தது. "உனக்கே இப்படின்னா பிள்ளைக்கு?" என்றார். பருத்தி நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் வாங்கினேன்.

முதல் தொல்லை என் கைதான். களை எடுத்து வெடித்த விரலில் நூல் சிக்கிச் சிக்கி நின்றது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் நூலைத் தொட முடிந்தது.

அடுத்தது, துண்டு நேராக வரவில்லை. 33 சங்கிலி போட்டு, ஊசிக்கு அடுத்ததை விட்டு, வரிசைக்கு 32 கண்ணி பின்ன வேண்டும். என்னுடையது மேலே போகப் போகக் குறுகி, கரை சரிந்த வாய்க்கால் மாதிரி ஆனது. எண்ணிப் பார்த்தால் 25 கண்ணிதான் இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டேன். "நாற்று எண்ணி நடுறவளுக்கு இது தெரியலையா?" என்று அக்கா சிரித்தார். நூலை இழுத்தேன். நான்கு நாள் வேலை நான்கு நிமிடத்தில் அவிழ்ந்தது. ஆனால் ஒரு முழம் நூல்கூட வீணாகவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணினேன்.

சட்டையின் அளவு இதுதான். முதுகுக்கு 20 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு. முன்பக்கத்துக்கு அதே நீளத்தில் 10 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகள். தோளில் வெளி ஓரத்திலிருந்து 5 செ.மீ. மட்டும் சேர்த்துத் தைக்க வேண்டும். மிச்சம் கழுத்துப் பக்கம் மடிந்துகொள்ளும். பக்கவாட்டில் மேலே 9 செ.மீ. கை நுழைய விட்டுவிட்டுக் கீழே தைக்க வேண்டும். முன்பக்கம் திறந்தே இருப்பதால் தலைவழியே மாட்ட வேண்டியதில்லை. பொத்தான், மணி வேண்டாம். பிய்ந்தால் பிள்ளை வாய்க்குள் போய்விடும். இரண்டு குட்டை நாடா போதும். கண்ணி நெருக்கமாக இருக்கட்டும். இடைவெளி பெரிதானால் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும்.

கார்த்திகைக் கடைசியில் எல்லாம் தைத்து, சுற்றிலும் ஓரம் பின்னி வந்தேன். ஒரு கண்ணிதான் பாக்கி. நூலை வெட்டி, கண்ணிக்குள் விட்டு இழுத்தால் சட்டை முடிந்தது. என் கை ஓடவில்லை. அந்தக் கண்ணியில் ஓர் ஊக்கு மாட்டி, நூல் உருண்டையோடு பரணில் வைத்தேன். முடியாத வரைக்கும் அது சட்டை இல்லை, நூல்தானே.

மார்கழியில் ஒரு விடியற்காலை ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். பெண் பிள்ளை, இரண்டே முக்கால் கிலோ, தாயும் பிள்ளையும் நலம். நான் அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். மாமியார் ஸ்டூல் போட்டுப் பரணில் கை நீட்டினார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"இந்தா, முடிச்சுப் போடு" என்றார்.

ஊக்கைக் கழற்றி, நூலை வெட்டி இழுத்தேன். அவரே வெந்நீரில் அலசி அடுப்புப் பக்கம் உலர்த்தினார். வழக்கப்படி பிள்ளைக்கு முதலில் பழைய வேட்டித் துணிதான் சுற்றினோம். அதன் மேல் இந்தச் சட்டை. இடது பக்கம் வலதைவிட அரை விரல் நீளம். யாரும் கவனிக்கவில்லை.

இப்போது மாமியார் என்னிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். பேத்திக்கு ஒரு குல்லா பின்ன வேண்டுமாம். கண்ணியை மட்டும் எண்ண மாட்டேன் என்கிறார்.